அனுதாபம் சொல்லப் போய்ச் சிரித்த கதை

எண்பதுகளின் கடைசியில் ஃப்ரிபூர்க் நகரத்து உணவகமொன்றில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தொட்டியில் சட்டி தேய்த்தவன் ஒரு பாலஸ்தீனன். எங்கள் இருவரின் பிரெஞ்சையும் சேர்த்தாலும் ஓர் ஆளுக்குக் காணாது. அப்படியிருந்தும் வேலை நேரம் முழுக்கக் கதைத்தோம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், தேவாலய மண்டபத்தில் தன் நாட்டவர்கள் எடுத்த குறும்படங்களைக் காட்டுகிறார்கள், வா என்றான். எனக்கு அது செத்த வீட்டுக்கு அழைப்பது போலத்தான் கேட்டது. இரவல் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டேன். 'உங்கள் மக்களின் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்' என்ற வசனத்தைப் பிரெஞ்சில் பாடமாக்கினேன். கண்ணாடி முன்னால் நின்று முகத்தையும் ஒத்திகை பார்த்தேன். பல்வலிக்காரன் போல, பொருத்தமாகவே இருந்தது.

முதற்படத்தில் ஒரு மாப்பிள்ளை, புது வீட்டுக்கு சோபா ஒன்றைக் கொண்டுபோகிறான். சோதனைச் சாவடியில் படையாள் மறித்து, அது சோபாதானா என்று சந்தேகப்படுகிறான். மாப்பிள்ளை உட்கார்ந்து காட்டுகிறான். ஒருவர் இருந்தால் போதாது என்கிறான் படையாள். வரிசையில் நின்ற தபால்காரர் வந்து உட்காருகிறார். பிறகு ஆட்டுக்குட்டியோடு ஒருவர். யாரோ தேநீர் ஊற்றுகிறார்கள். கடைசியில் படையாளுக்குக் கால் வலிக்கிறது, இருக்க இடமில்லை.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மண்டபத்தில் இருந்த சுவிஸ்காரர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பிரார்த்தனைக்கு வந்தவர்களைப் போல இருந்தார்கள். முன்வரிசை அம்மையார் ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வையில் என் கழுத்துப்பட்டி இறுகியது. அடக்கப் பார்த்தேன். மூக்கால் வந்தது.

விளக்குப் போட்டதும், நிகழ்ச்சியை நடத்திய சுவிஸ் பெண்மணி என்னிடம் மிகவும் மரியாதையாக, எது உங்களைச் சிரிக்க வைத்தது என்று கேட்டார். அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு வாயில் வந்த பிரெஞ்சு ஒன்றுதான்.

"உங்கள் மக்களின் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன்" என்றேன்.

அதுவரை கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த என் நண்பன் கதிரையிலிருந்து சரிந்துவிட்டான்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவன் கேட்டான். "உண்மையிலை ஏன் சிரிச்சனி?"

அப்போதுதான் ஊரில் நடந்ததைச் சொன்னேன். நானும் என் கூட்டாளியும் நாடகமொன்றுக்காக ஆர்மோனியப் பெட்டியைச் சைக்கிளில் கொண்டுபோனபோது இராணுவச் சாவடியில் ஆமி மறித்தது. பெட்டிக்குள் குண்டோ என்று சந்தேகம். பெட்டி என் சைக்கிளில் இருந்தபடியால் என்னை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்கு ஆர்மோனியத்தில் தெரிந்தது தூசி தட்டுவது மட்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைகளை அமத்தினேன். ஆமிக்காரன் காதைப் பொத்திக்கொண்டு, போ என்று கையைக் காட்டினான்.

நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, "மற்றவன்?" என்றான்.

"அவனை அதுக்கு முன்னமே உள்ளுக்கை கொண்டுபோய் வைச்சிருந்திட்டாங்கள். வாசிக்கத் தெரிஞ்சவன் அவன்தான். கன மாதத்துக்குப் பிறகுதான் விட்டவங்கள்."

பஸ் வந்தது, இருவரும் ஏறவில்லை.

பஸ் போன பிறகு அவன், "இதைப் படமா எடுக்க வேணும்" என்றான். "நீயே நடி. உனக்கு நடிப்பும் தேவையில்லை, வாசிக்கவும் தேவையில்லை."

இரவல் கமெரா ஒன்றில் உணவகத்தின் பின்முற்றத்தில் எடுத்தோம். தக்காளிப் பெட்டிதான் ஆர்மோனியம், அவன்தான் ஆமி. நான் விரலை வைத்தவுடனேயே ஆமி சிரித்துவிடும். அந்தப் படம் முடியவேயில்லை.

அப்போது லண்டனில் இருந்த அந்தக் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன். ஆமி விட்டுத் திரும்பி வந்த பிறகு அவன் அந்த நாளைப் பற்றிக் கதைத்ததுமில்லை, ஆர்மோனியத்தைத் தொட்டதுமில்லை. கோபிப்பான் என்று பயந்தேன்.

"மச்சான், நீ அண்டைக்கு வாசிச்சது உள்ளுக்கை எனக்குக் கேட்டது" என்றான். "அடி வாங்கினதை விட அதுதான் நோவு."

பிறகு அவன் சிரித்தான். நானும் சிரிக்கத் தொடங்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.