செல்லாயிக்கு யாரும் மாரடிக்கவில்லை

செல்லாயியை எடுத்தபோது லயத்து வாசலில் இருந்தவர்கள்: அவள் புருஷன் கருப்பையா, மகள் வள்ளி, தப்படித்த இருவர், பாடை தூக்க வந்த நால்வர், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, கீழ்க் கிராமத்திலிருந்து வெற்றிலை கொண்டுவரும் சிங்களப் பெண் பொடி மெனிக்கே, நான். வீட்டுச் செலவை அன்றன்று எழுதி வைக்கிற பழக்கத்தில் இதையும் முதலில் எழுதிவிட்டேன். லயத்து வரிசையில் குடியிருக்கும் பெண்கள் அவரவர் அறையான காம்பராவின் படியில் நின்றார்கள். அப்படி நின்றவர்களை வந்தவர்களாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அன்று காலை சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளையான என் வீட்டுக்காரர் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து பாதியில் திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், செல்லாயி போய்விட்டாள் என்றார். திரி எண்ணெயில் கிடந்தது. ஏற்றத் தோன்றவில்லை.

மண் சரிந்து பாதை அடைபட்டதால் கஹவத்தைப் பக்கமிருந்து அவள் சொந்தக்காரர்கள் யாரும் வர முடியவில்லை. அவளோடு வளர்ந்த உங்களுக்கும், முக்கியமாக அவள் அக்கா அங்கம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வள்ளியைப் பற்றிய காரியம் ஒன்றும் இதில் இருக்கிறது.

செல்லாயியை நான் முதலில் அறிந்துகொண்டது, கருப்பையா இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த நாளில். லயமே அவனைச் சூழ்ந்து நிற்க, இவள் மட்டும் எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. கையெல்லாம் சூடா இருக்கு. காய்ச்சலுங்களா?"

கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. புருஷன் வந்துவிட்டான் அல்லவா, அதுதான் சந்தோஷம் என்று சொன்னேன். தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இதுதானுங்களா அது? அப்போ மருந்து வேணாம்."

நான் சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள், நான் சிரித்ததற்காக.

பிறகு அவள் மகன், நடக்கப் பழகியிருந்த பிள்ளை, காய்ச்சலில் போனான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோள் மேல் கை போட்டு, மாரடித்துப் பாடி அழுதார்கள். நடுவில் உட்கார வைத்திருந்த தாய்க்குக் கண் நனையவில்லை. எழுந்து போய்ப் பிள்ளையின் கஞ்சிக் கோப்பையைக் கழுவினாள். மறுநாள் பெரட்டில் பெயர் கொடுத்து றப்பர் பால் வெட்டப் போனாள். பக்கத்துக் காம்பரா முனியம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"றப்பர் மரத்தக் கீறுனாக்கூடப் பால் வடியுது. இவளுக்கு ஒரு சொட்டு வரலையே."

அந்தப் பேச்சு அவளைக் கடைசி வரை விடவில்லை. மற்றவர்கள் வீட்டுச் சாவுகளுக்குப் போவாள். தண்ணீர் சுமப்பாள், விறகு பிளப்பாள், பாத்திரம் விளக்குவாள். வட்டத்தில் மட்டும் உட்காரமாட்டாள். ஏன் என்று கேட்டேன். "வராத அழுகைய வந்த மாதிரி காட்டுனா, செத்தவங்ககிட்டப் பொய் சொன்ன மாதிரி இல்லீங்களா?" என்றாள்.

அவளை ஏதோ பிடித்திருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் நிறுத்தினார்கள். பூசாரி வேப்பிலையால் அடித்தார். பிறகு பிரம்பை எடுத்தார். அழுதுவிடு, அழுதால் அது போய்விடும் என்றார். அவள் அடியை வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"எப்படி அழணுமுன்னு சொல்லிக் குடுங்க சாமி. அழுதிட்டுப் போயிர்றேன்."

சனம் சிரித்தது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்பது குறைந்துபோயிற்று.

என்னிடம் ஒருமுறை கேட்டாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, துக்கமுன்னா உடம்புல எங்கங்க இருக்கும்?"

நெஞ்சில் என்றேன்.

"எனக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க. முழங்கால்லதான் வலிக்குது. அவன் போனதுலேருந்து."

டிஸ்பென்சர் ஐயாவிடம் அனுப்பினேன். யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமையானவர். அழுத்திப் பார்த்துத் தைலம் கொடுத்தார். "முழங்காலிலை ஒரு குறையுமில்லை. எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். நான் தைலம் தேய்த்துவிட்டும் வலி முழங்காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது, பிறகு தொண்டைக்கு. சோறு இறங்கவில்லை. தொண்டையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பாள். நான் கஞ்சி கரைத்துக் கொண்டுபோவேன். ஒரு வாய் வாங்கி, விழுங்க முடியாமல், கண்ணை மட்டும் என் மேல் வைத்திருப்பாள். இப்படி ஒரு நோய்க்குப் பெயர் உண்டா என்று எனக்குத் தெரியாது. அழுகிறவர்களின் கண்ணீரை அம்மன் துடைப்பாள் என்று நானாக எழுத்துக் கூட்டிப் படித்த பாட்டுகளிலெல்லாம் இருக்கிறது. கண்ணீர் வராதவளுக்கு என்ன செய்வாள் என்று ஒன்றிலும் இல்லை.

அவள் பிணமாகக் கிடந்த அன்று முனியம்மாவிடம் போய், வந்து வட்டத்தில் உட்காரச் சொன்னேன்.

"எங்கம்மா செத்தப்போ அவ அழுதாளாம்மா?"

பகல் முழுவதும் தண்ணீர் சுமந்தாளே என்றேன்.

"சுமந்தா. நாங்களும் தண்ணி கொண்டாந்து தர்றோம். அழுகைக்குத்தான் அழுகை."

சொன்னபடியே குடங்கள் வந்தன. அவளைக் குளிப்பாட்டக் குறையில்லாமல் தண்ணீர் இருந்தது. வட்டம்தான் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து பாடத் தொடங்கினேன்; தோள் கொடுக்க ஆளில்லாமல் குரல் பாதியில் நின்றது. பொடி மெனிக்கே வந்து என் கையைப் பிடித்து, "அனே, பவ்" என்றாள். பாவம் என்று அவள் பாஷையில் சொன்ன அந்தச் சொல்தான் செல்லாயிக்காக அங்கே கேட்ட ஒரே இரக்கம்.

வள்ளி கதவோரம் நின்றாள். அவளுக்கும் அழுகை வரவில்லை. முனியம்மா படியிலிருந்தே, "ஏண்டி, ஆத்தா போறாளே, என்ன பண்ணுது உனக்கு?" என்று கேட்டாள்.

"முழங்கால் வலிக்குது" என்றது குழந்தை.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாயிடமிருந்து மகளுக்கு ஏறிவிட்டது என்று பேச்சாகிவிட்டது. கருமாதி முடிந்து வரும் வெள்ளிக்கிழமை வள்ளியையும் கோயிலில் நிறுத்தப் பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது. கருப்பையா கெட்டவனல்ல, பயந்துபோயிருக்கிறான். நான் சொல்லியும் கேட்கவில்லை. "அவ பெரியம்மா வேணாமுன்னா விட்டுர்றேன், அம்மா. நானா எப்படி நிறுத்துறது?" என்கிறான்.

செல்லாயியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவள் கேட்ட அந்தக் கேள்விதான்: உடம்பில் எங்கே? ஏன் அழவில்லை என்று நான் வள்ளியைக் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டு, காட்டிய இடத்தில் எண்ணெய் தேய்த்தேன். என் மடியிலேயே தூங்கிப்போனாள். இது போதும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவள் தாய்க்கும் எண்ணெய் தேய்த்தவள்தான் நான்.

அங்கம்மா, பிரம்பு வேண்டாம் என்று கருப்பையாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளையை நீங்கள் அழைத்துக்கொள்கிறீர்களா, என் வீட்டில் இருக்கட்டுமா? எதுவானாலும் கருமாதிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்.