பெயரில்லாத டி.எல்.எல்.

சாக்குக்குள் அடைபட்ட பச்சைத் தேயிலையில் கையை விட்டால், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டது போலச் சுடும். வெளியே நீலகிரி மலையின் கட்டபெட்டுக் குளிர், உள்ளே அந்தச் சூடு...

என் பெயர் சிவசுப்பிரமணியன். வயது ஐம்பது. ஒரு கம்ப்யூட்டர் கோப்பை நான் தவறாக நீக்கிய நாளை, நண்பர்களே, உள்ளது உள்ளபடி எழுதிவைப்பதே என் நோக்கம்.

தேயிலை விலை சரிந்து கிடந்த ஆண்டுகள் அவை. நான் வேலை பார்த்த ஃபேக்டரி, ஒவ்வொரு விவசாயிக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை வைத்து இலை வாங்கியது. எடைத் தராசு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. அது அச்சிடும் சீட்டு இல்லாமல் ஒரு சாக்கும் உள்ளே போகாது. கம்ப்யூட்டருக்கு நான் பொறுப்பு.

சில நாட்களாக அது தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கியது. வைரஸ் என்று முடிவுசெய்தேன். டி.எல்.எல். என்பவை, புரோகிராம்கள் வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் துணைக் கோப்புகள். ஒரு காலை முழுவதும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எனக்கென ஒரு விதி இருந்தது: தயாரித்தவர் பெயர் இல்லை, தேதி நம்பும்படி இல்லை என்றால், அது சந்தேகத்துக்குரியது.

ஒன்று அகப்பட்டது. தயாரித்தவர் பெயர் இல்லை. தேதி, 1980 ஜனவரி ஒன்று. அந்தக் கம்ப்யூட்டரே அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வாங்கியது! நீக்கினேன். நீக்கியவை போய்ச் சேரும் ‘ரீசைக்கிள் பின்’னையும் காலிசெய்தேன்.

மதியம், அன்றைய முதல் சாக்கு தராசில் ஏறியது. திரையில் எடை வரவில்லை.

எடை கிளார்க் ராஜாமணி அண்ணன் கோயமுத்தூர்க்காரர். தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, காலைல என்னத்தைங்க நோண்டுனீங்க?"

"சந்தேகமான ஃபைல் ஒண்ணை எடுத்துட்டேண்ணா."

"நல்லா எடுத்தீங்க போங்க. கைல எழுதி உள்ள உட்டுரலாமுங்களா?"

"சீட்டு இல்லாம விடக்கூடாதுன்னு ஆர்டர் இருக்குதுண்ணா."

"அப்ப அந்த ஆர்டரையே அரைச்சு டீத்தூள் போடுங்க."

தராசில் இருந்த சாக்கு மாதி அம்மாவுடையது. இரண்டு சாக்கு இலையோடு வந்திருந்தார். "இன்னிக்கு விட்டா அடுத்த வாரந்தான் தம்பி. அதுக்குள்ள செவந்துட்டா வாசல்லயே திருப்பிடுவீங்க" என்றார்.

தராசுப் புரோகிராமை எழுதியவர் அருவங்காட்டு வின்சென்ட் என்று ராஜாமணி அண்ணன்தான் சொன்னார். ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். அந்தக் கோப்பின் பிரதி உள்ள பிளாப்பி டிஸ்க்கோடு பஸ் ஏறுகிறேன் என்றார் வின்சென்ட். இரண்டு மணி நேரமாவது ஆகும்.

சூட்டில் இலை சிவந்துவிடாமல் இருக்க, சாக்குகளை அவிழ்த்து, அவரவர் இலையைத் தனித்தனியே தார்ப்பாயில் பரப்பச் சொன்னேன். வாசல் முழுக்கப் பச்சைக் கட்டங்கள்... நானும் குனிந்து கிளறினேன்.

"உங்க கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்னா, எங்க இலைக்கு எதுக்குத் தம்பி சுடுது?" என்றார் மாதி அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

வின்சென்ட் வந்து கோப்பை ஏற்றினார். எடை வந்தது. மாதி அம்மாவின் இரண்டாம் சாக்கில் அடி இலை சிவந்திருந்தது. அதை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தராசில் ஏற்றினார். அவருக்கு நஷ்டம் அவ்வளவு; காரணம் நான்.

பிறகுதான் வின்சென்டிடம் கேட்டேன். தேதி ஏன் 1980?

"நான் ஏத்துன அன்னிக்கு, கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஓட்டுற பேட்டரி செத்துக் கிடந்துச்சுங்க. 1980 ஜனவரி ஒண்ணுதான் இன்னிக்குன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கிச்சு."

"பேர் ஏன் போடலை?"

"நான் தனியா எங்க வீட்ல உக்காந்து எழுதுனதுங்க. யாருங்க கேக்கப்போறாங்க?"

அடுத்து உண்மையான வைரஸைக் காட்டினார். உலகறிந்த கம்பெனியின் பெயர், ஒழுங்கான தேதி... ஆனால் எழுத்துருக்களுக்கான ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு இங்க என்னங்க வேலை?" என்றார்.

எனக்குத் தோன்றாத கேள்வி அது. காலையில் அதே கோப்பைத் திறந்து, எல்லாம் சரி என்று நானே டிக் போட்டிருந்தேன்.

இன்று இந்தச் சோதனையை ஆன்டிவைரஸே செய்துவிடுகிறது. வசதிதான். ஆனால் ஒரு கோப்பை எழுதிய மனிதர் பஸ் ஏறி வந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன நாட்கள் இனி வருமா, தெரியவில்லை...

இதோ, என் ஆபீஸ் லேப்டாப், பெயரில்லாத ஒரு டி.எல்.எல்.லைக் காட்டி, நீக்கவா என்று கேட்டு நிற்கிறது. நான் நீக்கப்போவதில்லை. சென்ற மாதம் இதில் ஏதோ புரோகிராம் ஏற்றித் தந்த பெண் மூன்றாம் மாடியில் இருக்கிறார். படியேறிப் போய், அது எந்த வேலைக்கு என்று அவரிடம் கேட்கப்போகிறேன்.