ஒரு பகல் இருந்த பாலம்

எங்கள் ஒய்.பி.யிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, பொன்னாடை வரும். சட்டமன்ற உறுப்பினரை இங்கே நாங்கள் ஒய்.பி. என்றுதான் சொல்வோம். ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நிருபராக இருக்கும் நான் இந்த வித்தையை எத்தனையோ மேடைகளில் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தமிழ்ப்பள்ளித் திடல் என்ன ஆயிற்று என்று கேட்பார். ஒய்.பி.க்குக் கோபமே வராது. ஐயா மேடைக்கு வரவேண்டும் என்று கையைக் கூப்புவார். கேட்டவரைச் சமூகச் சேவையாளர் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். தோளில் பொன்னாடை விழும், படம் எடுப்பார்கள். பொன்னாடை போட்டவன் முகத்துக்கு நேரே மறுபடி கேள்வி கேட்க நம் ஆட்களுக்கு வாய் வராது. அவரும் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்துகொள்வார். திடல் பேச்சு அதோடு சரி. 

என் அக்கா லகாட்டுக்கு அப்பால் ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறாள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு அந்த நிலமும் கைமாறிவிட்டது. தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடுகளில் சில குடும்பங்கள்தான் மிச்சம். அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். மச்சானுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தாகிவிட்டது, சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்யப் போகவேண்டும். டயாலிசிஸ் மையத்தின் வேன் வந்து அழைத்துப் போகும். ஒரு தடவை தவறினாலும் உடம்பு வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கும்.

தோட்டத்துக்கு உள்ளே போக ஒரே வழிதான், ஓடைமேல் ஒரு பாலம். வருடக் கடைசி மழையில் அது பாதி இடிந்து விழுந்தது. அன்றிலிருந்து வேன் அக்கரையிலேயே நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு நீளப் பலகைகளைக் குறுக்கே போட்டார்கள். மச்சானைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் பக்கத்து வீட்டு அண்ணன், பின்னால் அக்கா என்று தூக்கிக்கொண்டு பலகைமேல் நடப்பார்கள். அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இடுப்பு வலி வேறு. ஒய்.பி. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்கள். அந்த வாக்கியத்தை அவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

ஒரு நாள் காலை மழை. பலகை வழுக்கி நாற்காலி சாய்ந்தது. மச்சான் தண்ணீரில் விழாமல் தப்பியது அந்த அண்ணனின் பலத்தால்தான். அண்ணனின் மகள் கைப்பேசியில் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா மூச்சு வாங்கியபடியே அதைப் பார்த்துப் பேசினாள்.

"ஒய்.பி., ஓட்டு கேக்க வந்தப்ப இந்தப் பாலத்துமேலதான வந்தீங்க. இப்ப எங்க வீட்டுக்காரரு எப்படிப் போவாரு, நீங்களே வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினாள். திட்டவில்லை, அழவில்லை. அன்று மாலைக்குள் அந்த வீடியோ புலனக் குழுக்களில், அதாவது வாட்ஸ்அப்பில், எல்லாம் சுற்றியது. மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட முகநூலில் பகிர்ந்தார்கள். இனி பாலம் வந்துவிடும் என்று அக்கா நம்பினாள். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

மறுநாள் ஒய்.பி.யின் உதவியாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தக் கட்சிக்காரன் பேசச் சொன்னான், யார் எடுத்தது, உங்கள் அக்காவுக்கு எவ்வளவு நாளாக இந்தப் பழக்கம் என்று கேட்டார். நாற்காலியோடு மனிதன் தண்ணீரில் விழப் போனதைப் பார்த்துவிட்டு, இதை எடுத்தவள் யார் என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே ஒய்.பி. செய்தியாளர்களைக் கூப்பிட்டார். இது ஃபிட்னா, என்மேல் பரப்பும் அவதூறு, வெட்டி ஒட்டிய வீடியோ என்றார். நான் எழுந்து, பாலத்தைக் கடைசியாக நீங்கள் நேரில் பார்த்தது எப்போது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"தம்பி, சாப்ட்டாச்சா? பின்னால நாசி பிரியாணி இருக்கு, மொதல்ல சாப்டுங்க லா."

எல்லோரும் சிரித்தார்கள். என் சக நிருபர்களும்தான். அந்தச் சிரிப்போடு என் கேள்வி முடிந்தது. தட்டோடு வரிசையில் நின்றவர்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்து, ஒய்.பி. நேரில் வருகிறார் என்று தோட்டத்துக்குத் தகவல் வந்தது. மச்சானுக்கு டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வந்தார். நானும் அன்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று காலை ஒரு லோரியில் பெரிய இரும்புத் தகடுகள் வந்திறங்கின. சாலை தோண்டும் இடங்களில் வண்டி போகப் போடுவார்களே, அதே தகடுகள். பழைய பலகைகள் இடைஞ்சலாக இருந்ததால் வேலையாட்கள் அவற்றை இழுத்து ஓடையில் தள்ளிவிட்டார்கள். இரும்பே வந்துவிட்டது, இனி பலகை எதற்கு என்று அக்காவும் பேசாமல் இருந்தாள். சந்தோஷத்தில் வடை சுட்டு வைத்தாள்.

ஒய்.பி.யின் வண்டி தகடுகள்மேல் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. அவர் இறங்கி, பாலத்தின் நடுவில் நின்று, கேமராக்களைப் பார்த்துக் கையை விரித்தார். வண்டி போகிறதா இல்லையா, நீங்களே பாருங்கள், பொய் சொன்னது யார் என்று கேட்டார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். காலையில் போட்ட தகடுகள் அவை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சேற்றில் லோரிச் சக்கரத்தின் தடம்கூடக் காயவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்தார்கள். மச்சானால் எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே பொன்னாடையைப் போட்டார் ஒய்.பி. எடுத்துவிட்ட காலைப் பார்த்து, தைரியமாக இருங்கள் என்றார். மச்சானும் கும்பிட்டார், என்ன செய்வார்? படம் எடுத்து முடித்ததும் ஒய்.பி. வண்டிக்குப் போய்விட்டார், வடையைத் தொடவில்லை. உதவியாளர் மட்டும் பின்தங்கி, கைப்பேசியை அக்கா முகத்துக்கு நேரே பிடித்தார். தவறான தகவலால் அப்படிப் பேசிவிட்டேன், பாலம் இப்போது நன்றாக இருக்கிறது, ஒய்.பி.க்கு நன்றி என்று சொல்லச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று தலையசைத்தேன். அவள் உதவியாளரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"தகடு இங்கயே இருக்கும்தான?"

"எங்க போகப் போகுது அக்கா, இருக்கும் லா."

அக்கா சொன்னாள். முதல் தடவை குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடியும் சொன்னாள். தகடு இருந்தால் வேன் வீட்டு வாசலுக்கே வரும். அதற்காக இன்னும் நாலு தடவை சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் அதே லோரி திரும்பி வந்தது. வாடகைத் தகடுகளாம், காம்பாரில் ஒரு வேலைக்கு வேண்டுமாம். அக்கா ஓடிப் போய் லோரிக்கு முன்னால் நின்றாள். வேலையாட்கள் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களிடம் சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது? உதவியாளரின் எண்ணுக்கு நானும் அக்காவும் மாறி மாறி அடித்தோம், எடுக்கவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றுவதை நான் படம் எடுத்தேன், அங்கேயே நின்று செய்தியும் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அன்றிரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன்.

காலையில் என் நாளிதழைக் கைப்பேசியில் திறந்தேன். பொன்னாடையோடு மச்சான் இருந்தார், பக்கத்தில் ஒய்.பி. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். விமர்சனத்தைப் பரந்த மனத்தோடு ஏற்ற தலைவர் என்று தலைப்பு. என் படம் எங்கும் இல்லை. ஆசிரியரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாக, "உங்க அக்காவே நன்றி சொல்லிட்டாங்களேப்பா, வீடியோ ஊரே பாத்திருச்சு, இனி நம்ம என்னன்னு போடுறது" என்றார். என் தொழில்மீது எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் அந்தப் பேச்சில் போயிற்று.

வேன் அக்கரையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. தகடும் இல்லை, பலகையும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் முன்னால் பிடிக்க, நானும் அக்காவும் பின்னால் பிடித்துக்கொண்டு, மச்சானை நாற்காலியோடு ஓடைக்குள் இறக்கினோம். தண்ணீர் தொடைக்கு வந்தது. அடியில் சேறு காலைப் பிடித்து இழுத்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, என்னை வீட்டுக்கே தூக்கிப் போங்கள் என்று முனகினார். அக்கா காதில் வாங்கவில்லை.

கரையேறியதும் வேன் ஓட்டுநர் கைகொடுத்து மச்சானை உள்ளே ஏற்றினார். நல்ல மனிதர்தான். அக்காவின் நனைந்த சேலையைப் பார்த்துவிட்டு இடிந்த பாலத்தைப் பார்த்தார்.

"என்னக்கா, பாலம் நல்லா இருக்குன்னு நீங்கதான வீடியோவுல சொன்னீங்க. நான் உள்ளுக்கே வந்துடலாம்னு பாத்தேன்."

அக்கா குனிந்து சேலையைப் பிழிந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கைப்பேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்து, நடந்ததையெல்லாம் சொல்லு அக்கா, நானே போடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வேணாம்டா. இனிமே நான் சொன்னா எவன் நம்புவான்?"