கேட்பாரற்றவர் என்று எழுதிய மனு

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைப்பவனுக்குக் கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பயந்த சுபாவம் மட்டும் இருக்கக்கூடாது. எழுபதுகளின் கடைசியில் என்னைப் போல பி.ஏ. முடித்துவிட்டு, அரசு வேலை வரும்வரைதானே என்று சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் பெஞ்சு போட்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரு சொல்

ஈஸ்வரன் என் பள்ளித் தோழன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். மதுரைக்கு ரயிலேறிய அன்று என் தகரப் பெட்டியைப் போடி ஸ்டேஷன்வரை தலையில் சுமந்து வந்தவன் அவன். பிறகு குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனான். நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து, இடுப்பு அடிபட்டு, வலது கால் செத்துப்போனது.

ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு நான் எழுதிக் கொடுத்த மனு தள்ளுபடியானது. அக்காள் புருஷன் ஜீப்பு ஓட்டுகிறார், ஆதரவு உண்டு என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்த அக்காள் தேவாரம் ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. மேல்முறையீட்டில் 'கேட்பாரற்றவர்' என்று அழுத்தி எழுதும்படி ஒரு குமாஸ்தா யோசனை சொன்னார். எழுதி, ஈஸ்வரனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டான்: "அப்ப நீ யாருடா மாப்ளே?"

வெள்ளைச் சட்டை

விசாரணை நாளன்று சலவைச் சட்டையும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுமாக பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தான். ஆபீசரைப் பார்க்கப் போகிறோம் என்ற மரியாதை. இப்படித்தான் வருவான் என்று தெரிந்து, கிழிந்த சட்டை ஒன்றை நான் பையில் கொண்டுபோயிருந்தேன். சுவரோரமாகக் கூட்டிப்போய் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மறுக்கவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "கால்தான போச்சு. சட்டை என்ன செஞ்சுச்சு?" என்றான்.

மாடிப்படி

விசாரணை மாடியில் நடந்தது. ஆபீசர் கீழே இறங்கி வரமாட்டார் என்று பியூன் சொல்லிவிட்டார். ஈஸ்வரனை முதுகில் ஏற்றிக்கொண்டேன். பாதிப் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. என் தோளில் தலையைச் சாய்த்திருந்தவன் காதோரம் சொன்னான்: "என்னையவிட அன்னைக்கு ஒம் பெட்டிதான் கனம். வெரசா ஏறு மாப்ளே."

விசாரணை

ஆபீசர் மனுவைப் படித்தார். ஈஸ்வரனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்பாரற்றவர் என்று எழுதியிருக்கிறது, கூட ஆள் வந்திருக்கிறதே, இது யார் என்று கேட்டார். மனு பொய்யென்றால் எழுதினவன் பேரிலும் நடவடிக்கை உண்டு என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கூட்டாளி என்று சொல்லியிருக்கலாம். கூட்டாளி இருக்கிறவனுக்கு உதவித்தொகை கிடையாது என்று எந்த விதியிலும் இல்லை. அந்த விதிகளை நான் பிற்பாடுதான் வாங்கிப் படித்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அரசு வேலைக்குப் போட்டிருந்த என் விண்ணப்பம். மனு எழுதிக் கொடுக்கிறவன், மற்றபடி பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன். என் சட்டைத் தோளில் அவன் தலையெண்ணெய் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

அப்படியா என்று ஆபீசர் அவனிடம் கேட்டார். ஈஸ்வரன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாங்கய்யா. வாசல்ல எழுதுறவரு."

இறங்கும்போது

வெளியே வந்ததும் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றேன். அவன் ஏறவில்லை. மேல்படியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் ஊன்றி, செத்த காலை முன்னே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தான். மேலே வந்துகொண்டிருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். நானும் அவன் பக்கத்தில் நின்று நின்று இறங்கினேன். பாதியில் தலையைத் தூக்கி, ஆபீசரிடம் பேசிய அதே குரலில் சொன்னான்: "நீங்க முன்னால போங்க சார்."

அடுத்த மாதமே உதவித்தொகை உத்தரவு வந்துவிட்டது. அந்த மனுவில் மெய்யில்லாத சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதையும் விசாரணையில் நானே மெய்யாக்கிக் கொடுத்துவிட்டேன்.