ஆறு துளைகளுக்கு ஒரு குண்டு

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு திங்கட்கிழமை, காலைத் தேநீர் வேளையில், எங்கள் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்யும் மேர்வ் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பீட்ரூட் சான்ட்விச்சுக்குக் கீழே துணியில் சுற்றியிருந்த எஃகு உருளையை எடுத்து என் அளவை மேசையில் வைத்தார். அவருடைய ரிவோல்வரின் ஆறு துளை உருளை.
2. "இதுக்கு என்ன சைஸ் குண்டு வார்க்கிறது, லவ்?" என்று கேட்டார். ('லவ்' என் பெயர் இல்லை, அவர் பெண்களைக் கூப்பிடும் விதம்.)
3. நான் அளந்து, 358 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.
4. அந்தச் சனிக்கிழமை அவர் முன்னைவிட மோசமாகச் சுட்டார்.

இங்கே மெல்பேர்ணில் என் வேலை அளப்பது. யாழ்ப்பாணத்தில் படித்தபோது இப்படி ஒரு சாமானை அளப்பேன் என்று நினைத்ததில்லை. எங்கள் பக்கம் துவக்கு என்றால் பொலிஸ்காரரின் தோளில் தொங்குவது. அதைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்புவோம். மேர்வுக்கு அது சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. பழைய கார்ச் சில்லுகளில் சமநிலைக்காகப் பொருத்தும் ஈயக் கட்டிகளைத் தன் கொட்டகையில் உருக்கிக் குண்டு வார்ப்பார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை எறியாமல் அதிலேயே வெடிமருந்தும் புதுக் குண்டும் வைப்பார். அவருடைய சூட்டுக் கழக அணியில் நான்கு பேருக்கு இடம். பதினொரு வருடமாக ஒரு இடம் மேர்வினுடையது. இந்த முறை அவருடைய குறிகள் சிதறத் தொடங்கியிருந்தன. தெரிவுக்கு இரண்டு சனிக்கிழமைகள் கொடுத்தார்கள். ஒன்று என் எண்ணால் போயிற்று.

ஸ்பிரிங்வேல் வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் பருப்பைத் துழாவிக்கொண்டே, "உனக்கு அளக்க வேற சாமான் கிடைக்கேல்லையே?" என்றாள். பிறகு, "அந்த மனிசன் கோவிச்சவரே?" என்று கேட்டாள்.

"இல்லை. அதுதான் கஷ்டமாக் கிடக்கு."

அடுத்த திங்கள் மேர்வ் வந்தார். "உன்ர நம்பர் நல்ல வடிவான நம்பர், லவ். குண்டுக்குத்தான் அது தெரியேல்ல." என் குறிப்புப் புத்தகத்தின் மேல் குனிந்தார். "எந்தத் துளை 358?"

பார்த்தேன். ஒரு துளையும் 358 இல்லை. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கில் மூன்று துளைகளின் வாய் 357, மற்ற மூன்றும் 359. நான் ஆறையும் கூட்டி ஆறால் பிரித்திருந்தேன்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் எதையும் பல தடவை அளந்து சராசரி எடுக்காவிட்டால் புள்ளி குறைப்பார்கள். ஒரு கம்பியை ஆறு தடவை அளந்தால் அது சரி. இது ஆறு வாய்கள். ஒவ்வொன்றும் தனக்கு வந்த குண்டை மட்டுமே அறியும். இந்த நாட்டில் என்னை எல்லாரும் 'இந்தியப் பெட்டை' என்கிறார்கள் என்று அக்காவிடம் குறைப்பட்டிருக்கிறேன். அதே வாயால் கிரேக்கனையும் மால்டாக்காரனையும் மேர்வையும் 'வெள்ளையள்' என்று ஒன்றாகவே சொல்லியும் இருக்கிறேன்.

"ஒண்டிலும் இல்லை. நான் பிழை விட்டிட்டன்" என்றேன். இங்கே வந்த பிறகு ஆங்கிலத்தில் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

மேர்வ் தலையைச் சொறிந்தார். "நானும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனனான். இப்ப என்ன செய்வம்?"

பெரிய வாயைப் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்றேன். சிறிய குண்டு பெரிய வாயால் போகும்போது சூடான வாயு பக்கத்தால் பிய்த்துக்கொண்டு முந்தும். ஈயத்தின் விளிம்பு உருகிக் குழலில் பூசும், குறி சிதறும். பெரிய குண்டு சிறிய வாய்க்கு வந்தால், ஈயம் மென்மையானது, சற்று நெரிந்து கொடுத்துப் போய்விடும். அப்படி 357 ஆக நெரிந்தாலும் அவருடைய குழலின் உள்ளளவும் 357தான் என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. ஆகவே 359. நாடு மில்லிமீற்றருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மேர்வின் அச்சுகள் மாறவில்லை. வார்த்த குண்டை அழுத்தி அளவாக்கும் 358 அச்சை அவரே கடைசல் இயந்திரத்தில் பூட்டி, மெல்லிய எமறித் தாளால் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்த்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் அளந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் மூன்று நாள் அதிலேயே போயிற்று. பிறகு அவர் வீட்டுக் கொட்டகையில், புதுத் தோட்டாக்கள் ஆறு துளைக்குள்ளும் தள்ளாமலே இறங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோட்டாப் பெட்டியை மூடினோம்.

இரண்டாவது சனிக்கிழமை மேர்வின் ஹோல்டன் காரில் நானும் போனேன். கிரான்பர்னுக்கு அப்பால், மாடுகள் மேயும் வெளிகளின் நடுவே பழைய கற்குழி ஒன்றில் அவர்களுடைய சூட்டுத் திடல். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். மேர்வ் கடைசித் தோட்டாவைச் சுட்டார். குறி அட்டையைப் பார்க்கப் போகவில்லை. ரிவோல்வரைத் திறந்து, வெறுமையாக்கி, திடல் அதிகாரிக்குக் காட்டிவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"முதல்ல குழலைப் பார்."

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஈயப் பூச்சு இல்லை. உள்ளே சுருள் வரிகள் பளபளத்தன.

"இனி நான் தோத்தா, அது என்ர கைதான்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அவர் தோற்கவில்லை, நாலாவதாக வந்தார். அணியில் நாலாவது இடம் கடைசி இடம்.

இப்போதைய நிலைமை இது. மேர்வ் அணியில் இருக்கிறார். இன்னும் இரண்டு பேர் தங்கள் உருளைகளைச் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கழகச் செயலாளர் எனக்கு அங்கத்துவப் படிவம் தந்திருக்கிறார், நிரப்பவில்லை. சனிக்கிழமைகளில் வாசலில் விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்து வைக்கிறேன். அதில் 'எங்கிருந்து' என்று ஒரு நிரல் உண்டு. முதல் வாரம் யாழ்ப்பாணம் என்று எழுதினேன். போன வாரம் ஸ்பிரிங்வேல் என்று எழுதினேன். இரண்டையும் ஒருவரும் திருத்தவில்லை.