காளவாசலுக்குக் கொண்டுபோன கேக்

அந்த அட்டைப்பெட்டியின் மேலிருந்த படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெள்ளைத் தட்டில் சதுரமாக வெட்டிய ஒரு துண்டு; கீழே கறுப்பு, நடுவில் வெள்ளை, மேலே மறுபடியும் கறுப்பு. பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்தில் 'பிரவுனி' என்று போட்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னதும் அம்மா, "அது நாய்க்கு வைக்கிற பேருல்ல?" என்றாள். எண்பதுகளின் தொடக்கம் அது. தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் மட்டும் அந்தப் பெயரில் இரண்டு நாய்கள் இருந்தன.

அப்போது அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். மச்சான் அமெரிக்காவில் இன்ஜினியர். லீவில் வந்து தாலி கட்டி, இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டு, விசா வந்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர். ஆரம்பத்தில் மாதம் இரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்று. அதன் பிறகு தபால்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சைக்கிளை மிதிக்கப் பழகிக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் காளவாசலில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சோப்பு, ஒரு பவுடர் டப்பா, இந்தப் பெட்டி. கடிதம் இல்லை. அக்கா பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நான் சொன்னேன்: "இதுதாங்க்கா கடுதாசி. அங்க வாரதுக்குள்ள இதெல்லாம் செஞ்சு பழகிக்கிடச் சொல்றாக மச்சான்." எனக்குப் பத்தொன்பது வயது, காலேஜில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் பெட்டியைப் பற்றி நான் சொன்னால் அக்கா நம்பாமல் என்ன செய்வாள்? அன்றைக்கு அவள் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

பெட்டிக்குள் இரண்டு பொட்டலம் இருந்தன. பெரியதில் கோகோ வாசத்தோடு பழுப்பு மாவு, சின்னதில் வெள்ளை மாவு. முட்டையும் எண்ணெயும் நாம் சேர்க்க வேண்டும். ஓவனில் முன்னூற்றைம்பது டிகிரி சூட்டில் வைக்கும்படி எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். பின் தெருவில் ஒரு மிஷன் பள்ளி டீச்சர் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் சுடுகிறவர். அடிகனமான அலுமினியச் சட்டியில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன் மேல் மாவுத் தட்டை வைத்து மூடி, மூடிமேல் கரித்துண்டுகளைக் கனியவிட்டால் போதும், அதுவே ஓவன் என்றார். "அவசரப்பட்டுத் தெறந்து பாக்காத. அமுங்கிரும்" என்று மட்டும் எச்சரித்தார்.

அக்கா மாவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டாள். முதல் பாதி கரிந்தது. வெள்ளை கறுப்போடு கலந்து சாம்பல் நிறமாகிவிட்டது. மறுநாள் கீழ் அடுக்கைத் தனியாகக் கொஞ்சம் வேகவிட்டு, வெள்ளையை ஊற்றிக் கரண்டியின் முதுகால் தடவி, அது இறுகிய பிறகே மேல் அடுக்கை ஊற்றினாள். முக்கால் மணி நேரம் சட்டியை விட்டு நகரவில்லை. கத்தியால் வெட்டி ஒரு துண்டை நிமிர்த்தி வைத்தபோது, படத்தில் இருந்தபடியே மூன்று அடுக்கு. மொத்தம் ஒன்பது துண்டு. எங்கள் யாரையும் அக்கா தொடவிடவில்லை. "மொதல்ல அவுக வீட்டுக்கு" என்று டிபன் கேரியரில் அடுக்கினாள்.

நானும் கூடப் போனேன். பட்டுச்சேலை வேண்டாமென்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. பஸ்ஸில் நிற்கும்போதும் கேரியர் சாயாமல் மார்போடு பிடித்திருந்தாள். மாமியார் வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்கா ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். "அவுக அனுப்புன பெட்டியில செஞ்சேன் அத்த."

அந்தம்மா ஒரு விள்ளலை வாயில் போட்டார். மென்றார். விழுங்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத அவன் ஒனக்கு அனுப்பல ஆத்தா. எங்களுக்குக் கொடுத்துவிட்ட சாமான்ல கெடந்துச்சு. ஒனக்குன்னு ஒண்ணுமே இல்லையேன்னு மனசு கேக்காம நாந்தேன் எடுத்துக் கொடுத்துவிட்டேன்."

"அதனால என்ன அத்த? யாரு கொடுத்தா என்ன?" என்றாள் அக்கா.

அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "இம்புட்டு நல்லவளா இருக்காத தாயி. அவனுக்கு அங்க ஒருத்தி இருக்கா. பிள்ளையும் இருக்கு. இங்க ஒரு தாலியக் கட்ட வச்சா திரும்பி வந்துருவான்னு நெனச்சோம். தெரிஞ்சேதேன் செஞ்சோம்."

அக்கா கேட்டாள்: "பிள்ளைக்கு எத்தன வயசு?"

"ரெண்டு முடிஞ்சு மூணு நடக்குது."

அக்கா தலையாட்டினாள். அழவில்லை, ஏசவில்லை. கேரியரிலிருந்த மற்ற துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தாள். "முட்ட போட்டது அத்த. ரெண்டு நாளைக்கு மேல தாங்காது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அக்கா அதன்பின் டீச்சர் டிரெயினிங் முடித்து, செல்லூரில் ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். மறுகல்யாணப் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவிடவில்லை. இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நான் அன்று இட்டுக்கட்டிச் சொன்ன அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. எந்த இடத்திலிருந்து தொடங்கிக் கேட்பது என்று இத்தனை வருடமாகியும் தெரியவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் நான்தான் அழுதேன். பாலம் தாண்டியதும் அக்கா தன் முந்தானையைக் கொடுத்து, "மூஞ்சியத் தொடச்சுக்க. வீடு வரப்போகுது" என்றாள். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ஆவலை அடக்க முடியாமல், "என்னடி சொன்னாக ஒங்கத்த? பிடிச்சிருந்துச்சாமா?" என்றாள்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்: "ரொம்பப் பிடிச்சிருந்துச்சும்மா. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கல."