டச் பாரில் பார் இல்லை: மட்டக்களப்பில் இசை தேடிய மூன்று நாட்கள்

கொழும்பில் எந்த பாரில் எந்தக் கிழமை யார் பாடுகிறார்கள், எந்தக் கிளப்பில் தனியாக வருகிறவனையும் உள்ளே விடுவார்கள், எங்கே சத்தம் காதைக் கிழிக்கும் என்றெல்லாம் மூன்று வருடமாக இங்கே எழுதி வருகிறேன். போன மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "யுத்தம் முடிந்துவிட்டது, டிசம்பரில் குடும்பத்தோடு மட்டக்களப்புக்குப் போகிறோம். அங்கே டச் பார் என்று ஒன்று இருக்கிறதாமே, லைவ் மியூசிக் உண்டா?"

டச் பார் குடிக்கிற பார் அல்ல. கல்லடிப் பாலத்துக்கு அப்பால், வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டு. ஒல்லாந்தர் காலத்துப் பெயர். சுனாமி வரும்வரை அங்கே போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் நிறைய இருந்தன. இதை அவருக்கு எழுதத் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஐந்து வருடம் பழையது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகாததற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு பஸ்ஸில் இடம் பதிந்தேன்.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குத் தனியார் பஸ், 350 ரூபாய். தூரம் ஏறத்தாழ 315 கிலோமீற்றர். வெலிக்கந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். அதற்கு ஐம்பது நிமிடம் போனது. எதற்காகப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்ட இராணுவச் சிப்பாயிடம், "மியூசிக் கேட்க" என்றேன். பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு என்னை விட்டான். வாழைச்சேனை, ஏறாவூர் தாண்டி மட்டக்களப்பில் இறங்கும்போது பிற்பகல் இரண்டு நாற்பது. வாவி தெரிகிற அறை, மின்விசிறி மட்டும், 1,200 ரூபாய்.

இனி பார்கள். நகரத்துக்குள் உருப்படியாக உட்காரக்கூடியவை மூன்றுதான். காலை பதினொன்று முதல் இரண்டு வரை, பின்னேரம் ஐந்து முதல் ஒன்பது வரை என்று பலகையில் எழுதியிருக்கும். எட்டு மணிக்கே கதிரைகளைக் கவிழ்த்து மேசைமேல் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். இருட்டினால் வீட்டுக்குள் போய்விடுகிற பழக்கம் ஊருக்கு இன்னும் போகவில்லை. கிளப் என்று பெயர்ப்பலகை உள்ள ஓரிடத்தில் அரசாங்க உத்தியோகத்தர்கள் நாலு பேர் கரம் போட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாராயத் தவறணைகள் உண்டு. நின்றபடி குடித்துவிட்டுப் போகிற இடங்கள், அங்கே பேச்சே கிடையாது.

நேரடி இசை ஒரே ஓரிடத்தில்தான். கல்லடிப் பக்கம் வாவியோரத்தில் ஒரு சின்ன ஹோட்டல். வெள்ளியும் சனியும் ஆறரை முதல் எட்டரை வரை. தொண்டு நிறுவன வெள்ளைக்காரர்கள் இரண்டு மேசை, நான் ஒரு மேசை. ஜீவன் என்ற இளம் ஆசிரியர் கீபோட்டோடு உட்கார்ந்து தானே பாடிக்கொண்டிருந்தார். நல்ல குரல். இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"அண்ணன் தனியவா வந்த?"

"ஓம். ட்ரம்ஸுக்கு ஆள் இல்லையா?"

"இதுக்குள்ளயே எல்லாம் இரிக்கி அண்ணன்." கீபோட்டைத் தட்டிக் காட்டினார். "முந்தி இஞ்ச பெரிய குறூப் எல்லாம் வந்து வாசிச்சதாம். சுனாமிக்கு முதல். டச் பார்ப் பக்கம் கிறிஸ்மஸ் டான்ஸ் எண்டா விடியும் வரைக்குமாம்."

தெரியும் என்று சொல்லவில்லை. கணக்கைத் தீர்த்துவிட்டு அறைக்கு நடந்தேன். பாலத்தில் என்னைத் தவிர யாருமில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பேஸ் கிற்றார் வாசித்தவன். 2004 டிசம்பர் இருபத்தைந்தாம் திகதி டச் பாரில் ஒரு விருந்தினர் விடுதியில் கிறிஸ்மஸ் நடனத்துக்கு வாசித்தேன். தங்கியதும் அங்கேதான். ட்ரம்ஸ் வாசித்தவன் டெரன்ஸ். அந்த ஊர்ப் பறங்கியன், தச்சுவேலைக்காரன், அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்த ஒரே கூட்டாளி. நடனம் முடிந்ததும் என்னை விடுதி வாசலில் விட்டுவிட்டு, "விடிஞ்சதும் பத்து மணிக்கு வீட்ட வா, மேர்சி சமைப்பாள்" என்று சொல்லிவிட்டுப் போனான். மேர்சி அவன் மனைவி. அவன் போன பிறகு கொழும்பிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. புதுவருட நிகழ்ச்சி ஒன்று, நல்ல ஹோட்டல், உடனே ஒத்திகைக்கு வரவேண்டும். காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. மத்தியானம் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஒன்பது மணிபோல் அலை வந்தது. விடுதியும் போனது, அதை நடத்தியவரும் போனார்.

முதல் வாரம் தொலைபேசி வேலை செய்யவில்லை. அது உண்மை. பிறகு வேலை செய்தது, நான் எடுக்கவில்லை. டெரன்ஸ் செத்துவிட்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். பிறகு இவ்வளவு நாள் எடுக்காமல் இருந்தேனே என்ற வெட்கம். பிறகு சண்டை தொடங்கிப் பாதைகள் மூடப்பட்டன. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. கிற்றாரை விற்றேன். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு எழுதுகிறவனாக மாறினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓட்டோ பிடித்தேன். காத்தான்குடிக்காரர் ஹனிபா நானா, ஐம்பது வயதிருக்கும். அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பார்கள். நகரத்திலிருந்து டச் பார் போய்வர 400 ரூபாய் பேசினோம்.

"அங்க பாரெல்லாம் இல்லியே தம்பி. கடல்தான் இரிக்கி."

"தெரியும் நானா. முந்தி ஒரு விடுதி இருந்தது."

"முந்தி எல்லாந்தான் இருந்த" என்றார்.

பாலத்தைக் கடந்து இடப்புறம் திரும்பினோம். விடுதி நின்ற இடத்தில் சீமெந்துத் தரையும் மூன்று படிகளும். தரைமேல் அடம்பன் கொடி படர்ந்திருந்தது. நாங்கள் மேடை போட்ட மூலை எது என்று தேடினேன், பிடிபடவில்லை. கொஞ்ச தூரத்தில் புதிதாகக் கட்டிய சின்னக் கத்தோலிக்கக் கோயில், கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில், மரச்சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு, அலையில் போனவர்களின் பெயர்கள் கையெழுத்தில் இருந்தன.

மேலிருந்து விரலை வைத்துக்கொண்டு வாசித்தேன். மேர்சியின் பெயர் இருந்தது. நின்றுவிட்டேன். பிறகு டெரன்ஸின் பெயரைத் தேடினேன். முதல் வரிசையில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது வரிசையின் கடைசியில் எழுதியிருந்தது: "கிற்றார் ரவி, கொழும்பு."

ஹனிபா நானா வாசலில் நின்றார். "தேடின ஆள் இரிக்கா?"

"இல்ல நானா. நான் இரிக்கன்." என் பெயரைக் காட்டினேன். "இது நான்."

அவர் சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்துதான். எங்கள் பாட்டுப் பட்டியல்களை டெரன்ஸ்தான் எழுதுவான். சொன்னேன். வெளியே போய், எதிர்வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார்.

"ஏறுங்க. அந்த ஆள் உசிரோட இரிக்காராம். திராய்மடுவில ஊடு குடுத்திரிக்காங்க."

திராய்மடு சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய குடியிருப்பு. மீண்டும் நகரத்துக்குள் வந்து வடக்கே போக வேண்டும். ஒரே மாதிரி வீடுகள், வெயில், மரமில்லாத தெருக்கள். மூன்றாவது குறுக்குத் தெருவில் சீவுளிச் சத்தம் கேட்டது. தகரக் கொட்டகைக்குள் டெரன்ஸ் கதவு நிலைக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்தான். சீவுளியை வைத்தான். கிட்ட வரவில்லை.

"நீ செத்துப் போன ஆளடா" என்றான்.

"இல்ல மச்சான்."

"எங்க இருந்த?"

"அண்டைக்கு விடிய அஞ்சு மணி பஸ்ல போயிட்டன். ஷோ ஒண்டு வந்தது."

"அஞ்சு மணி." அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "எட்டு மணிக்கு நான் பாலத்துக்கு இஞ்சால வந்த, நண்டு வாங்க. நீதான நண்டு விருப்பம் எண்ட? மேர்சி கறிக்கு அரைச்சிக்கொண்டிருந்தவள். நண்டோட கிறுகிப் போகக்குள்ள பாலத்துக்கு அங்கால ஒண்டுமில்ல."

பலகையில் கிடந்த மரச்சுருளைத் தட்டிவிட்டான்.

"மேர்சிய அண்டைக்குப் பின்னேரமே எடுத்திட்டம். மறுகா உன்னத் தேடின. மூணு நாள். ஆஸ்பத்திரில வரிசையாக் கிடத்தி வச்சிருந்த சனத்த ஒவ்வொண்டாப் பிரட்டிப் பாத்த. முகம் தெரியாது, எல்லாம் ஊதிப் போச்சு. கையத்தான் பாத்த. கிற்றார் பிடிச்சா விரல் நுனி காச்சிருக்குமே. எத்தின பேர்ர விரலத் தடவிப் பாத்தன் தெரியுமா?"

"டெரன்ஸ்..."

"ஒரு போன். அஞ்சு வருசத்தில ஒண்டு. எடுக்கேலாதா?"

என் போன் சட்டைப் பையில் இருந்தது.

"போ" என்று திரும்பிச் சீவுளியை எடுத்தான். ஹனிபா நானா என் தோளைத் தொட்டு ஓட்டோவுக்குக் கூட்டிப்போனார். காலை முழுக்க அலைந்ததற்கு 900 ரூபாய் மட்டும் வாங்கினார். இறக்கிவிடும்போது, "பின்னேரம் எங்க இரிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். வாவியோர ஹோட்டலைச் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை அங்கே கூட்டம் சற்று அதிகம், ஐந்து மேசை. நான் வாங்கிய பியர் அப்படியே சூடேறிக்கொண்டிருந்தது. தனியாக பாரில் உட்காருவது எனக்குத் தொழில்போல. அன்றைக்குத்தான் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஏழு மணிக்கு எதிர்க் கதிரை இழுபட்டது. டெரன்ஸ். சலவைச் சேட்டு, காலில் மரத்தூள். ஹனிபா நானா திரும்பவும் திராய்மடுவுக்குப் போய் இடத்தைச் சொல்லியிருக்கிறார். அதற்கு என்னிடம் காசு கேட்கவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை, ஜீவனைப் பார்த்தான். "ட்ரம்ஸ் எங்க?"

"பெட்டிக்குள்ளயாம்."

கொஞ்ச நேரம் கேட்டான். "நல்ல பெட்டி. சம்பளமும் இல்ல, சாவும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினான். "நாளைக்கு ஏழு மணிப் பூசை. ஐடென்டிக் கார்டக் கொண்டு வா. இல்லாட்டி ஃபாதர் நம்பமாட்டார்."

"எதுக்கு?"

"பேர வெட்ட."

எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முப்பது பேர் வந்திருப்பார்கள். முடிந்ததும் டெரன்ஸ் பாதிரியாரிடம் என்னைக் கூட்டிப்போனான். அவர் அடையாள அட்டையைக் கண்ணாடி போட்டு வாசித்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செத்த ஆள் நேரில வந்து பேர வெட்டச் சொல்லுறது எனக்கு இதுதான் முதல் தடவ" என்றார். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்.

சட்டத்தைச் செய்தவனும் டெரன்ஸ்தான். திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, காதிலிருந்த தச்சுப் பென்சிலால் என் பெயரின் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தான். நேரான கோடு. ஊதித் துடைத்து மீண்டும் பூட்டினான்.

மேர்சியின் அக்கா ஐரின் என்று ஒரு பெண் முன்னால் வந்தார். முன்பின் கண்டதில்லை. "நீங்களா அது? ஒவ்வொரு இருவத்தாறாந் திகதியும் உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துறதான் நாங்க. சொந்தக்காரர் யாரும் வரமாட்டாங்களே எண்டு நான்தான் கொளுத்துவன். கிற்றார் எண்டது ஒரு பேராக்கும் எண்டு நினைச்சன்." என் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தார். மெழுகுபோல் மிருதுவாக இருந்தன. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். அத்தனை வருடம் கொழும்பில், வெள்ளவத்தை அறையில், என்னை நினைக்க ஒருவரும் இல்லை என்று இருந்தவன் நான்.

வெளியே வந்தபோது டெரன்ஸ் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். சாப்பிட வா என்று சொல்லவில்லை. தன் புதிய தொலைபேசி இலக்கத்தை மட்டும் சொன்னான். மறுநாள் காலை ஐந்தரை பஸ். ஏறுவதற்கு முன் அழைத்தேன்.

"நான் வெளிக்கிடுறன்."

"ஓம்" என்றான்.

ரொறன்ரோ வாசகருக்கும், போக நினைக்கிற மற்றவர்களுக்கும்: வெள்ளியிலோ சனியிலோ அங்கே இருக்குமாறு போங்கள், மற்ற நாட்களில் இசை கிடையாது. பௌர்ணமிப் போயா தினத்தில் எல்லா பாரும் பூட்டு. எட்டரைக்குப் பிறகு ஓட்டோ கிடைப்பது கடினம், வரும்போதே பேசி வையுங்கள். அடையாள அட்டை இல்லாமல் அசையாதீர்கள். பாசிக்குடாக் கடற்கரையில் இப்போதைக்கு உடைந்த ஹோட்டல்களைத் தவிர வேறில்லை. ஜீவன் பாடினால் அவருக்கு அருகிலுள்ள மேசையைக் கேளுங்கள், கைதட்டுங்கள். தனியாக வாசிக்கிறவருக்கு அது பெரிய விஷயம். டச் பாருக்குப் போனால் கோயில் கதவு திறந்திருக்கும், பெயர்களை வாசியுங்கள்.

டெரன்ஸ் என்னை மன்னித்துவிட்டான் என்று எழுத ஆசை. அப்படி அவன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிகிற நேரம் பார்த்து எட்டேகாலுக்கு நான் அழைக்கிறேன். இதுவரை நாலு ஞாயிறு ஆகிவிட்டது. எடுத்ததும், "உசிரோடதான் இரிக்கியா?" என்று கேட்பான். "ஓம்" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவான். போன ஞாயிறு மட்டும் அவன் வைக்கவில்லை. பின்னால் யாரோ பலகை அறுக்கிற சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை.